அவுக சிரிப்பு

ஒட்டங்குளத்தில் டீக்கடை அண்ணாச்சியின் சிரிப்பு அவரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. அன்றைக்கு ஊரில் வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது. குழாயில் கால் மணி நேரம் தண்ணீர் வந்தது, சங்கரன்கோவில் பஸ் வழக்கம்போல் நிறுத்தத்தில் நிற்காமல் ஐம்பதடி தள்ளிப் போய் நின்றது, அதைத் துரத்திக்கொண்டு ஓடிய கணக்கு வாத்தியாரின் வேட்டி வேலிமுள்ளில் மாட்டிக்கொள்ள, வேட்டி இங்கேயும் வாத்தியார் பஸ்ஸிலுமாகப் பிரிந்தார்கள். கடையிலிருந்த பதினோரு பேரும் வெடித்துச் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார், தோள் குலுங்கியது, தொப்பை குலுங்கியது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

எங்களுக்கு அது உடனே தெரிந்துபோனது. ஏனென்றால் அது கவனிக்காமல் விடக்கூடிய சிரிப்பு இல்லை. முதலில் உலை கொதிக்க ஆரம்பிப்பதுபோல் அடிவயிற்றில் ஒரு புளுபுளுப்பு, பிறகு நாலு படி ஏற்றம், உச்சியில் மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், அங்கே நின்றபடி 'ஐயோ' என்று ஒரு சொல், அப்புறம் தடதடவென்று இறக்கம். இருபத்திரண்டு வருஷமாக, கடைக்குப் பின்னாலேயே இருக்கும் அவர் வீட்டுக்குள்ளிருந்து காலையும் மாலையும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுப் பல் விளக்கியவர்கள் உண்டு, அதைக் கேட்டுச் சண்டையை நிறுத்திக்கொண்ட புருஷன் பெண்டாட்டிகள் உண்டு. கவலையத்த மனுசன் என்று ஊரே அவரைச் சொல்லும்.

சிரிப்பு எங்கே போனது என்பதிலும் மர்மம் ஒன்றுமில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஜெபக்கனி அதை இணையத்தில் ஏற்றிவிட்டிருந்தாள்.

ஜெபக்கனி கடைக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருப்பவள், கல்யாண வீடியோ எடுப்பவள். இருநூறு கல்யாணங்களில் மற்றவர்கள் அழுவதைப் படம்பிடித்து அலுத்துப்போய், முப்பத்தெட்டாம் வயதில் இனி ஜனங்கள் சிரிப்பதற்கு ஏதாவது எடுப்போம் என்று முடிவு செய்திருந்தாள். இணையத்தில் ஒரு போட்டி நடக்கிறது; மூன்று நிமிஷ நகைச்சுவை வீடியோ, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அவள் ஐந்து தடவை அனுப்பி, ஐந்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டாவதாக வந்திருந்தாள், அதையும் ஊரில் லட்டு கொடுத்துத்தான் கொண்டாடினோம். கையில் ஒரு கேமராவைத் தவிர அவளிடம் இருந்ததெல்லாம் இலவசம்: வெட்டி ஒட்டும் மென்பொருள் இலவசம், இசை இலவசம், திரைக்கதை எழுதுவது எப்படி என்ற நாற்பது பக்கம் இலவசம், மழைச் சத்தமும் கதவுச் சத்தமும் கூட்டம் கைதட்டும் சத்தமும் ஒரு தளத்திலிருந்து இலவசம். ஊரில் இருபது நாய் இருந்தும் கேமராவைக் கண்டால் ஒன்றும் வாயைத் திறக்காததால், குரைப்பைக்கூட அங்கேயிருந்துதான் இறக்கினாள். அந்தக் குரைப்பில் ஒரு வெளிநாட்டு மரியாதை இருந்தது.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மனைவி சண்முகவடிவுக்கு மனம் பொறுக்கவில்லை.

"எம்புட்டு சாமான் வாங்கியிருக்கோம் ஜெபா. கிண்ணத்தைச் சும்மாவா திருப்பிக் குடுக்கது?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அது பெரிய குற்றம். பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கிய கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் ஒட்டங்குளத்தில் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியோ, நாலு பச்சை மிளகாயோ போட்டுத்தான் கொடுப்போம். ஊரில் கொடுக்கிற மாதிரி சத்தம் என்ன இருக்கிறது என்று யோசித்தால், யோசிக்கவே வேண்டாம், ஒன்றுதான் இருந்தது. ஜெபக்கனி அடுக்களை ஜன்னலோரம் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே சண்முகவடிவு ஏதோ சொன்னாள், அண்ணாச்சி சிரித்தார், அது நாற்பத்தோரு விநாடிக்கு நீண்டது. எதற்குச் சிரித்தார் என்று யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

அந்தத் தளத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. எடுத்துக்கொள்பவர் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் உரியவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்ததும், காதில் ஹெட்போனை மாட்டியிருந்த ஜெபக்கனி, "மதினி, அண்ணாச்சிக்கு ஆதார்ல உள்ள முழுப் பேரு என்ன?" என்று கேட்டாள். அவளுக்கு அவர் அண்ணாச்சி. எங்கள் எல்லாருக்குமே அவர் அண்ணாச்சி. கடையின் போர்டில் முருகன் பெயர்தான் இருந்தது.

கையில் வடைமாவோடு நின்ற சண்முகவடிவு அப்படியே திகைத்துப்போனாள். கட்டியவன் பெயரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். ரேஷன் கடையில்கூடப் பின்னால் நிற்பவர்கள்தான் பெயரை எடுத்துக் கொடுப்பார்கள்.

"அது... அவுகதான்," என்றாள்.

ஜெபக்கனி காதில் விழுந்ததைத் தட்டினாள். 'அவுக.'

அப்படித்தான் அண்ணாச்சியின் சிரிப்பு அவுக என்ற பெயரில் உலகத்துக்குள் இறங்கிப் போனது. பிரேசிலில் ஒரு பூனை அலமாரியிலிருந்து விழுந்தபோது அது கேட்டது; கொரியாவில் ஒரு தாத்தா பொய்ப்பல்லை நூடுல்ஸுக்குள் தொலைத்தபோது கேட்டது; கென்யாவில் இரண்டு பேர் ஒரே குடைக்குச் சண்டை போட்டபோது கேட்டது. அவர்களெல்லாம் நேர்மையானவர்கள், வீடியோ முடியும்போது அவரவர் எழுத்தில் ஒழுங்காக 'சிரிப்பு: அவுக' என்று போட்டார்கள். அவுக என்பவர் ஜப்பான்காரர் என்று ஒருவர் கீழே கருத்தே எழுதியிருந்தார். எங்களுக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பெருமை.

கோவில்பட்டியில் டாக்டர் அண்ணாச்சியின் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை புதுசு மாதிரி இருக்கிறது என்றார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. இருமல் வந்தது, ஏப்பம் வந்தது, கடன் சொல்பவர்களை ஏசவும் வந்தது. சிரிப்புச் சத்தம் ஒன்றுதான் இல்லை. அண்ணாச்சி கடைக்கு வந்து பாய்லரைப் பற்ற வைத்தார்.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. கடையில் யாராவது நக்கலடித்து அண்ணாச்சி குலுங்க ஆரம்பித்தால், பக்கத்து பெஞ்சில் இருப்பவர் செல்போனை எடுத்து அந்தச் சிரிப்பைப் போட்டுவிடுவார். ஆள் இங்கே குலுங்க, சத்தம் அங்கே கேட்க, பார்வைக்கு ஒன்றும் மோசமில்லை. ஆனால் எங்கள் ஊர் டவரைப் பற்றித் தெரியுமே. நக்கலடித்து ஐந்து நிமிஷம் கழித்து, அண்ணாச்சி யாரிடமோ துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கும்போது பெஞ்சிலிருந்து ஹோஹோவென்று சிரிப்பு கிளம்பி இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. அதன்பிறகு சிரிப்பை எல்லாரும் போனிலேயே இறக்கி வைத்துக்கொண்டோம், தினம் ஒருவர் பொறுப்பு என்று முறையும் வைத்தோம். துக்க வீட்டில் முன்வரிசையில் உட்கார அண்ணாச்சியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவரால் எந்த ஆபத்தும் இல்லை. வார்டு மெம்பர் மட்டும் எதிராளி மைக்கில் பேசும்போதெல்லாம் அந்தச் சிரிப்பை ஒலிபெருக்கியில் போட்டு, அந்த வருஷத் தேர்தலில் ஜெயித்தும் தொலைத்தார். கிராம சபையில் மூன்று தீர்மானம் நிறைவேறியது: கண்மாய் தூர்வாருவது, மூன்றாவது தெருவுக்கு விளக்கு, அண்ணாச்சியின் சிரிப்பை மீட்பது. மூன்றுக்கும் நேரே பரிசீலனையில் என்று எழுதினார்கள்.

இப்படி ஆறு மாசம் போனது. ஊருக்குப் பழகிவிட்டது, அண்ணாச்சிக்கும் பழகிவிட்டது என்றுதான் நினைத்தோம். சண்முகவடிவைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை, அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவள் ஒரு நாள் காலையில் வடைச் சட்டியைத் திருப்பியபடி, "அந்தச் சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நம்மூரு மாமியார் வீடு போலருக்கு. வாசல்ல நிக்க மாட்டேங்கு, தள்ளிப் போயித்தான் நிக்கி," என்றாள். அண்ணாச்சி குலுங்கினார்.

"நெசமாத்தான் சிரிக்கீகளா?"

"நெசமாத்தாம்ளா."

"பாத்தா குளிர் காய்ச்சல் மாதிரில்லா இருக்கு."

அதற்கும் அவர் குலுங்கினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் சொன்னதற்குத்தான் அந்தச் சிரிப்பு. ஊரில் நடப்பதையெல்லாம் அவள் அடுக்களைக்குள் ஒரு வரியாகத் திருப்பிச் சொல்ல, அதற்குத்தான் அந்தப் புளுபுளுப்பும் நாலு படியும் ஐயோவும். வெளியே ஒரு மனுஷரிடமும் அவள் அப்படிப் பேசியதில்லை, அவளுக்குக் கூச்சம். அவள் சொன்னது நன்றாக இருந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் அந்த ஒரு சத்தம்தான் இருந்தது, அது இப்போது பிரேசில் பூனைக்குக் கேட்டது. அவள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். அந்த வீட்டுக்குள் டிவியைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் போனது.

பொறுக்க முடியாமல் ஸ்டூடியோவுக்குப் போய், "அதை அழிச்சிரு ஜெபா," என்றாள்.

"எப்பவோ அழிச்சிட்டேன் மதினி. ஏழாயிரம் பேரு இறக்கிட்டாகளே, அவுக வீட்டுக்குள்ளல்லாம் போயி நான் எப்படி அழிக்க? அண்ணாச்சிட்ட ஆதாரை வாங்கிப் பேரத் திருத்தியும் ஏத்திப் பாத்துட்டேன். வரமாட்டேங்கு."

அங்கே போட்டோ எடுக்க வந்திருந்த கணக்கு வாத்தியார்தான் விடையைச் சொன்னார். வேட்டி போனதிலிருந்து அவருக்கு இந்த விஷயத்தில் ஒரு பொறுப்புணர்ச்சி. "தப்பு எங்க விழுந்துச்சோ அங்கதான் திருத்தணும். அவுகன்னு சொன்னது யாரு வாயி? அந்த வாயி பேரச் சொன்னாத்தான், தான் யாரு வீட்டுப் பிள்ளைன்னு அந்தச் சிரிப்புக்குத் தெரியும்."

சண்முகவடிவு வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு நாள் சாம்பாரில் உப்பு கூடியும் குறைந்தும் இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம், அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லுவாக. நெசமா இருக்குமோ?"

"எம்புட்டு கொறையுமாம்?"

"என்னமோ, ஒரு பத்து நாளுன்னு வச்சிக்கிடுங்களேன்."

அண்ணாச்சி ஒரு கவளத்தை முழுங்கிவிட்டு, "ஆறு மாசமாச்சிளா நான் சிரிச்சி. இதையும் ஆயுசுலயா சேக்கே?" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் ஸ்டூடியோ வாசலில் நின்று, "இந்தத் தடவை போட்டிக்கு நான் நடிக்கேன்," என்றபோது ஜெபக்கனியின் கையிலிருந்த லென்ஸ் மூடி கீழே விழுந்து உருண்டது.

கதை ரொம்பச் சின்னது. ஒரு அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுகிறார், ஒரு பெண் வருகிறாள், புருஷன் பெயரைக் கேட்கிறார், அவள் சொல்ல மாட்டாள், அவர் அலுத்துப்போய் விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு எழுந்து போகிறார். அவ்வளவுதான். அதிகாரி அண்ணாச்சி. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையிலேயே மேசை போட்டார்கள், ஊர் மொத்தமும் கடை முன்னால் நின்றது, ஜெபக்கனி எல்லாரையும் போனை அணைக்கச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரு?" என்றார் அதிகாரி.

"அவுக பேருதான்."

"அதான் என்ன பேரு?"

"சங்கரன்கோவில்ல ஆடித் தவசுக்கு ஒத்தக்கால்ல நிப்பாளே, அவ பேரு மொதப் பாதி."

"மீனாச்சியா?"

"மீனாச்சி மதுரைலல்லா இருக்கா. அவ எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்து ஒத்தக்கால்ல நிக்கப் போறா? அதுவும் அந்த பஸ்ல வந்தா ஒத்தக்கால்லதான் நிக்கணும்."

கூட்டத்தில் முதலில் சிரித்தது வாத்தியார். பிறகு எல்லாரும்.

"சரி, மிச்சப் பாதி?"

"சினிமாவுல கடைசியா வந்து சண்டை போட்டுப் பொண்ணக் கட்டிக்கிடுவான்லா, அவன்."

"வில்லனா?"

"வில்லனும் கட்டத்தான் பாக்கான். இவுக விட்டாத்தானே!"

இதெல்லாம் ஜெபக்கனி எழுதிக் கொடுத்த வசனமே இல்லை. சண்முகவடிவு அந்த நாற்பது பக்கத்தில் இல்லாத இடத்திலெல்லாம் நிறுத்தினாள், எதிர்பாராத இடத்தில் ஏறினாள், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தோம். அப்போதுதான் எங்களில் ஒவ்வொருவருக்காக உறைத்தது, இத்தனை வருஷம் நாங்கள் பல் விளக்கியதும் சண்டையை நிறுத்தியதும் யாருடைய புண்ணியம் என்று. அண்ணாச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டு குலுங்கினார். அதிகாரி சிரிக்கக் கூடாது.

அடுத்து அவர் விண்ணப்பத்தைக் கிழிக்க வேண்டும். கிழிக்கக் கையை எடுத்தார்.

"கிழிக்காதீங்க. எழுதிக்கிடுங்க," என்றாள் சண்முகவடிவு.

ஜெபக்கனி கேமராவிலிருந்து தலையைத் தூக்கினாள். சண்முகவடிவு முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளுக்குப் பயம்தான், எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. பாய்லருக்கு அடியில் கரி வெடிக்கும் சத்தம் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி திறந்தாள்.

"கோமதிநாயகம்," என்றாள். பிறகு, யாரும் தப்பாக எழுதிவிடக் கூடாது என்பதுபோல நிதானமாக, "எங்க வீட்டுக்காரக பேரு கோமதிநாயகம்."

கடைக்குள் அடிவயிற்றிலிருந்து புளுபுளுவென்று ஒன்று கிளம்பியது. நாலு படி ஏறியது. உச்சியில் நின்று 'ஐயோ' என்றது. அதற்கப்புறம் அது இறங்கி வந்த வேகத்தில் அதிகாரி நாற்காலியோடு சாய்ந்தார், அலமாரியில் கண்ணாடிக் கிளாஸ்கள் கிணுகிணுத்தன, வாத்தியார் அழுதார். அதே நிமிஷத்தில் பிரேசிலில் அந்தப் பூனை சத்தமில்லாமல் விழுந்தது. கொரியாவில் பொய்ப்பல் சத்தமில்லாமல் தொலைந்தது. எங்கள் போன்களில் இறக்கி வைத்திருந்ததெல்லாம், பிறகு போட்டுப் பார்த்தபோது, நாற்பத்தோரு விநாடி வெறுமையாக ஓடியது. சண்முகவடிவு மட்டும் சிரிக்காமல் ஓடிப்போய் அவர் நெஞ்சில் கை வைத்து, "எங்கயாச்சும் வலிக்கா? மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள். அன்று முழுக்க, ஆயுசு எந்தப் பக்கம் குறைகிறது என்று அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். அவர் அன்று ஏழு வடை தின்றார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோ போட்டியில் நாலாவதாக வந்தது. பரிசு மூன்று பேருக்குத்தான். படம் பிரமாதம், ஆனால் கடைசியில் அதிகாரி கதாபாத்திரத்தை மறந்து சிரித்துவிடுகிறார் என்று நடுவர் எழுதியிருந்தார். நாலுக்கும் நானூற்றுப் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஊரில் ஜாங்கிரி கொடுத்தோம். சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டதால் கிண்ணம் வெறுங்கிண்ணமாகப் போயிற்றே என்று கவலை வந்து, இல்லாமல் போனாலும் ஊருக்கு நஷ்டமில்லாத சத்தம் எது என்று மூன்று நாள் பேசி, ஒட்டங்குளத்துக் கொசுச் சத்தத்தைப் பதிவு செய்து ஏற்றினோம். அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கொசுக்கள் சத்தமே போடுவதில்லை. கடிப்பது கடித்துக்கொண்டுதான் இருக்கின்றன, எங்கே இருக்கிறது என்று தெரியாததால் இப்போது அடிக்கவும் முடிவதில்லை. எல்லாவற்றையும் யோசித்துச் செய்வதற்கு நாங்கள் என்ன அரசாங்கமா?

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. ஸ்டூடியோவில் வீடியோவை வெட்டி ஒட்டி, கடைசியில் பெயர் போடுகிற இடத்துக்கு வந்திருந்தாள் ஜெபக்கனி. அண்ணாச்சியும் சண்முகவடிவும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் நாலைந்து பேர் வாசலில். சிரிப்பு, கோமதிநாயகம் என்று தட்டியாயிற்று. கேமரா, ஜெபக்கனி. வேட்டி, கணக்கு வாத்தியார், ஞாபகார்த்தமாக.

"வசனம் யாருன்னு போட அண்ணாச்சி?" என்று திரும்பாமலே கேட்டாள்.

அண்ணாச்சி, "இவதான்," என்றார்.

ஜெபக்கனி தட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒருக்கா 'அவுக'ன்னு போட்டுட்டு ஊரே பட்டது போதும் அண்ணாச்சி. பேரச் சொல்லுங்க."

எந்தச் சாஸ்திரமும் ஆம்பிளையைத் தடுக்கவில்லை. பெண்டாட்டி பெயரைச் சொன்னால் அவளுக்கு ஆயுசு குறையும் என்று எந்த அம்மாவும் சொல்லவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருஷத்தில் 'ஏளா' என்பதைத் தவிர அவர் வாயில் வேறொன்றும் வந்ததில்லை, அவசியப்பட்டதே இல்லை. அவர் வேட்டி நுனியைச் சரி செய்தார், தொண்டையைச் செருமினார், வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். நாங்கள் ஆகாசத்தைப் பார்த்தோம்.

"சண்முகவடிவு," என்றார். புதுசாகப் படிக்கக் கற்றவர் மாதிரி, இன்னொரு தடவை, "சண்முகவடிவு."

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. மெல்லிசாக, மூக்கில் தொடங்கி, நடுவில் ஒரு விக்கலோடு, அடக்கப் பார்த்து அடங்காமல் வந்த சிரிப்பு. ஊரில் ஒருத்தரும் அதை அதுவரை கேட்டதில்லை. அவர் சிரிப்புக்கு அடியிலேயே அது இத்தனை வருஷமும் மறைந்து கிடந்திருக்கிறது. சண்முகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள், அண்ணாச்சி வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் மைக் இருந்தது. ஜெபக்கனியின் கை பழக்கதோஷத்தில் அதன் பக்கம் போனது. போன கை, மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டுத் திரும்பி வந்தது.